மடியில் கிடத்திய கிதார்

நாங்கள் இருவரும் ஸ்டீல் கிதார் கற்கத் தொடங்கியபோது ஒருவருக்கு வயது 58, மற்றவருக்கு 61. கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் மூன்று தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் மாலைப் பொழுதுகளை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் இருந்தபோது, பக்கத்துத் தெருவில் ஒரு முதியவர் ஹவாயன் கிதார் சொல்லித் தருவதாகக் கேள்விப்பட்டுச் சென்றோம். வீட்டில் சிரித்தார்கள். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்ற கேள்விக்கு அன்று எங்களிடம் விடை இல்லை, இன்றும் அவ்வளவாக இல்லை.

மாஷ்டார்மொஷாய் (வங்காளத்தில் ஆசிரியரை அழைக்கும் மரியாதைச் சொல் அது) முதலில் எங்கள் கைகளைப் பிடித்துப் பார்த்தார். எங்களில் மூத்தவருக்கு இடக்கை மோதிரவிரல் சரியாக மடங்காது. தயங்கியவாறு அதைச் சொன்னபோது, "மடங்க வேண்டிய தேவையே இல்லை" என்றார். கிதாரை எடுத்து மடியில் மல்லாக்கக் கிடத்தினார். இடக்கையில் ஒரு எஃகு உருளையைத் திணித்தார். தந்தியை விரலால் அழுத்தும் வேலையே இந்த வாத்தியத்தில் கிடையாது. உருளையைத் தந்திகளின்மேல் வைத்து நகர்த்துவதுதான் எல்லாம். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து மஞ்சளேறிய தாள் ஒன்றை எடுத்து எங்கள் முன் வைத்தார். ஆறு கோடுகள். கோடுகளின்மேல் எண்கள். தலைப்பு "அலோஹா ஓயே".

அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று தேடப்போனதன் விளைவே இக்கட்டுரை. நாங்கள் இசை வரலாற்று அறிஞர்கள் அல்லர். ஜான் டிரவுட்மன் 2016இல் வெளியிட்ட "கீகா கீலா" என்னும் நூல் எங்களுக்குப் பெரிதும் உதவியது. ஸ்டீல் கிதாருக்கு ஹவாய் மொழியில் வழங்கும் பெயர்தான் அந்நூலின் தலைப்பு.

*

கதை மாடுகளிலிருந்து தொடங்குகிறது. 1793இல் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஜார்ஜ் வான்கூவர், ஹவாய் அரசர் கமேஹமேஹாவுக்குச் சில மாடுகளைப் பரிசாக அளித்தார். அவற்றைக் கொல்லலாகாது என்று தடை விதிக்கப்பட்டது. அவை பெருகிக் காட்டு மந்தைகளாகிப் பயிர்களை அழிக்கத் தொடங்கின. மந்தைகளை அடக்க வழி தெரியாமல், 1830களில் மூன்றாம் கமேஹமேஹாவின் ஆட்சியில், அப்போது மெக்சிகோவின் பகுதியாக இருந்த கலிபோர்னியாவிலிருந்து குதிரையேறி மாடு மேய்ப்போர் வரவழைக்கப்பட்டனர். ஸ்பானிய மொழி பேசிய அவர்களைத் தீவு மக்கள் "பனியோலோ" என்றழைத்தனர். அவர்கள் கொண்டுவந்த பொருள்களில் கிதாரும் ஒன்று.

தீவு மக்கள் அந்தக் கிதாரை ஸ்பானியர்களைப் போல் வாசிக்கவில்லை. தந்திகளைத் தளர்த்தி, ஒன்றையும் அழுத்தாமல் மீட்டினாலே இனிய ஒரு கூட்டொலி எழும்படி சுருதி சேர்த்துக்கொண்டனர். "கீ ஹோ அலு", அதாவது சாவியைத் தளர்த்துதல் என்று அதற்குப் பெயர். இது சிறு மாற்றம் போலத் தோன்றலாம். ஆனால் எல்லாத் தந்திகளும் ஏற்கெனவே ஒத்திசைந்து இருந்தால்தான் ஒரு நேரான இரும்புத் துண்டைக் குறுக்கே வைத்து வாசிப்பது பொருளுடையதாகும். ஸ்பானியச் சுருதியில் அப்படி வைத்தால் காது கூசும்.

1874இல் ஓவாஹு தீவின் வடகரையில், லாயியே என்னும் ஊரில் பிறந்தவர் ஜோசப் கெகூகூ. கிதாரும் கையுமாகத் திரிந்த சிறுவன். ரயில் பாதையோரமாக நடந்தபோது கண்டெடுத்த ஒரு ஆணி தந்தியில் உரசி எழுந்த ஒலியில் மயங்கினான் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அது நடந்தபடிதான் சொல்லப்படுகிறதா என்பதில் எங்களுக்கு ஐயம் உண்டு. கண்டுபிடிப்புகளின் கதைகளில் எல்லாம் ஒரு ஆப்பிளோ ஆணியோ விழுந்துகொண்டே இருக்கிறது. ஐயத்துக்கு இடமில்லாதது அதன்பின் நடந்தது. 1889 முதல் ஹோனலூலுவில் கமேஹமேஹா பள்ளியில் படித்த அந்த மாணவன், சீப்பின் முதுகாலும் கத்தியின் முதுகாலும் வாசித்துப் பார்த்து, இறுதியில் பள்ளிப் பட்டறையிலேயே ஒரு எஃகுத் துண்டைச் செய்துகொண்டான். நரம்புத் தந்திகளை நீக்கி உலோகத் தந்திகளைக் கட்டினான். உருளை மெட்டுகளில் இடிக்காதிருக்கத் தந்திகளை உயர்த்தினான். தற்செயலாக ஒரு ஒலியைக் கேட்பது யாருக்கும் வாய்க்கலாம். கெகூகூ அதை ஒரு வாத்தியமாக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தார்.

இந்த இடத்தில் நம்மவர்கள் குறுக்கிடுவதுண்டு. "இது நம்ம கோட்டுவாத்தியம்தானே!" என்று எங்கள் உறவினர் ஒருவர் முதல் நாளே சொல்லிவிட்டார். தந்தியின்மேல் ஒரு துண்டை வழுக்கவிட்டு வாசிப்பது நம் நாட்டில் மிகப் பழையது என்பது உண்மை. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் தம் சங்கீத ரத்னாகரத்தில் ஏகதந்திரி வீணையை விவரிக்கும்போது இத்தகைய வாசிப்பைக் குறிப்பிடுகிறார். தெற்கே திருவிடைமருதூர் சகாராம் ராவ் கோட்டுவாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். பிறகு பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், மைசூர் அரசவையின் நாராயண ஐயங்கார், அவருடைய பேரர் ரவிகிரண் என்று ஒரு மரபே உண்டு. வடக்கே விசித்திர வீணை இருக்கிறது.

இதோடு இணைத்துச் சொல்லப்படும் இன்னொரு செய்தியும் உண்டு. கெகூகூவுக்குச் சற்று முன்னரே, 1880களில், கேப்ரியல் டேவியன் என்ற இளைஞர் ஹோனலூலுவில் இவ்வாறு வாசித்ததாகவும், அவர் இந்தியாவில் பிறந்து, ஒரு கப்பல் தலைவனால் கடத்தப்பட்டு அங்கு வந்து சேர்ந்தவர் என்றும், ஹவாய் இசையை ஆராய்ந்த ஹெலன் ராபர்ட்ஸ் 1926இல் பதிவு செய்திருக்கிறார். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஸ்டீல் கிதாரே இந்தியக் கண்டுபிடிப்பு என்று எழுதுவோர் இருக்கிறார்கள். எங்களுக்கு அது ஒப்பவில்லை. டேவியன் எந்த ஊரார், கடத்தப்படுமுன் கோட்டுவாத்தியத்தையோ விசித்திர வீணையையோ கேட்டிருந்தாரா என்பதற்கு அந்த வரியில் ஒரு குறிப்பும் இல்லை. கெகூகூ உழைத்ததை அவரோடு படித்தவர்களும் அவர் ஊராரும் நேரில் கண்டிருக்கிறார்கள். அதுவன்றி, ஹவாய் மக்களிடமிருந்து நிலம், ஆட்சி, மொழி என்று ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்ட காலத்தில் அவர்களுக்கு மிஞ்சிய ஒன்று இது. அதற்கும் நாம் பட்டா கேட்டுப் போய் நிற்பது முறையாகத் தோன்றவில்லை. டேவியன் கதையைப் படித்தபோது எங்களுக்குப் பெருமிதம் வரவில்லை. கடத்திச் செல்லப்பட்ட ஒரு சிறுவன்தான் நினைவில் நின்றான்.

*

பறிக்கப்பட்டது என்றோம். 1893 ஜனவரியில், அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கி நிற்க, சர்க்கரைத் தோட்ட நலன்களோடு பிணைந்த வெள்ளையர் குழு ஒன்று அரசி லிலியுவோகலானியைப் பதவியிலிருந்து இறக்கியது. புதிய ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழி கொடுக்க அரசவை வாத்தியக் குழுவினர் மறுத்தனர். வேலை போனால் கல்லைத்தான் தின்ன வேண்டியிருக்கும் என்று மிரட்டப்பட்டும் அவர்கள் பணியவில்லை. அந்நிகழ்ச்சியை ஒட்டிப் பிறந்த எதிர்ப்புப் பாடல் இன்றும் ஹவாயில் பாடப்படுகிறது. 1895இல் அரசியையே அவருடைய அரண்மனையின் ஓர் அறையில் பல மாதங்கள் சிறை வைத்தனர். 1896இல் பள்ளிகளில் ஹவாய் மொழிவழிக் கல்வியை நீக்கிச் சட்டம் வந்தது. 1898இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன.

அந்த அரசி பெரும் இசையறிஞர். "அலோஹா ஓயே" அவர் 1878இல், இளவரசியாக இருந்தபோது இயற்றிய பாடல். எங்கள் முன்னால் வைக்கப்பட்ட மஞ்சள் தாளில் அவர் பெயர் இருக்கவில்லை.

ஊரில் ஆதரவிழந்த இசைவாணர்கள் கப்பலேறினர். கெகூகூ 1904இல் அமெரிக்கப் பெருநிலத்துக்குச் சென்றார். அதன்பின் அவர் வாழ்க்கை வெளியூர்களிலேயே கழிந்தது. 1912இல் நியூயார்க் பிராட்வே அரங்கில் "சொர்க்கப் பறவை" என்னும் நாடகம் ஹவாய் வாத்தியக்காரர்களுடன் அரங்கேறி, ஆண்டுக்கணக்காக ஊர் ஊராகச் சென்றது. எரிமலை, காதல், பலி என்று நம் பழைய திரைப்படங்களையும் மிஞ்சும் கதை அது. கதையை மறந்தவர்களும் அந்தக் கிதாரின் குழைவை மறக்கவில்லை. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா பசிபிக் கண்காட்சிக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் வந்தனர். ஹவாய் அரங்கில் நாள்தோறும் இசை ஒலித்தது. அடுத்த ஆண்டுகளில் ஹவாய் இசைத்தட்டுகள் அமெரிக்காவில் அமோகமாக விற்றன. ஹவாயைக் கண்ணாலும் பார்த்திராத நியூயார்க் பாட்டுக்காரர்கள், பொருளற்ற ஒலிகளை ஹவாய் மொழி என்று சொல்லிப் பாட்டுகள் கட்டினர். பள்ளியில் அந்த மொழிக்கு இடமில்லாத காலத்தில், அதன் கேலிப் பதிப்பு காசு ஈட்டிக்கொண்டிருந்தது.

கெகூகூ 1919இல் அதே நாடகக் குழுவோடு ஐரோப்பா சென்று எட்டாண்டுகள் சுற்றினார். திரும்பி வந்தபின் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தே வாழ்ந்தார். 1932இல் நியூ ஜெர்சியில் மறைந்தார்.

*

இனி அந்த எண் தாள்.

கேட்டவர்கள் எல்லோரும் வாசிக்கவும் ஆசைப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சங்கீதம் அறியாதவர்கள். தொழிலாளர்கள், எழுத்தர்கள், விவசாயிகள், அவர்தம் பிள்ளைகள். நியூயார்க்கில் "முதலாவது ஹவாய் இசைக்கல்லூரி" என்ற பெயரில் ஓர் அஞ்சல்வழிப் பள்ளி தொடங்கப்பட்டது. மொத்தம் நான்கே அசைவுகளைக் கற்றால் போதும், வாசித்துவிடலாம் என்று அது பத்திரிகைகளில் விளம்பரம் செய்தது. 1920களின் பிற்பகுதியில் ஹாரி ஸ்டான்லி என்பவர் தொடங்கிய "ஹோனலூலு இசைக்கல்லூரி", ஹோனலூலுவிலிருந்து ஒரு பெருங்கடலும் பாதிக் கண்டமும் தள்ளியிருந்த ஊர்களில் நடந்தது. பின்னர் ஓஹியோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரிலிருந்து ஓவாஹு என்னும் பெயரில் பாடத் தாள்களையும் கிதார்களையும் அது அச்சிட்டும் செய்வித்தும் விற்றது. விற்பனையாளர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். பாடம் எழுதிக்கொண்டால் கிதார் கிடைக்கும். வாரம் ஒரு தாள்.

இதை வெறும் வணிக மோசடி என்று ஒதுக்கத்தான் முதலில் நினைத்தோம். வாசிக்கத் தொடங்கியபின் எண்ணம் சற்று மாறியது. அந்தத் தாளில் உள்ள சுருதி முறையைப் பாருங்கள். ஆறு தந்திகளும் ஷட்ஜம், பஞ்சமம், அந்தர காந்தாரம் என்ற மூன்று சுரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. உருளையை ஐந்தாம் மெட்டுக்கு மேலே வைத்தால் முழுக் கூட்டொலியும் அப்படியே மத்யமத்துக்கு ஏறுகிறது. ஏழாம் மெட்டில் வைத்தால் பஞ்சமத்துக்கு. ஒன்றும் வைக்காமல் ஒன்று, ஐந்தில் ஒன்று, ஏழில் ஒன்று. இம்மூன்று இடங்களைக் கொண்டு எளிய பாட்டுகள் பலவற்றுக்குத் துணை வாசித்துவிடலாம். விரல்களை விதவிதமாக வளைத்துத் தந்திகளைப் பிடிக்கும் ஸ்பானிய முறையில் இதற்கு மாதக்கணக்காகும். பகலெல்லாம் ஆலையில் உழைத்துக் காய்த்துப்போன கைக்கு, வயதேறி விறைத்த விரலுக்கு, இந்த வாத்தியம் இடம் கொடுத்தது. விளம்பரத்தின் நான்கு அசைவுகள் முழுப் பொய்யல்ல.

பொய் வேறோர் இடத்தில் இருந்தது. உருளை எந்த மெட்டில் போய்ச் சேர வேண்டும் என்று எண் சொல்கிறது. எப்படிப் போக வேண்டும் என்று சொல்வதில்லை. ச ரி க ம எழுதிய புத்தகத்தைப் பார்த்துத் தோடி பாட முயன்றவர்களுக்கு இது விளங்கும். ஸ்டீல் கிதாரில் மெட்டு என்பது வரைந்து வைத்த கோடு மட்டுமே. உருளை அதைத் தொடுவதில்லை. கோட்டுக்கு நேர்மேலே நின்றால் சுரம். நூலிழை முன்பின் ஆனால் அபசுரம். மடியில் கிடக்கும் கிதாரை நாம் மேலிருந்து சாய்வாகப் பார்ப்பதால் கண் ஏமாற்றும். மூக்குக் கண்ணாடியோடு பார்த்தால் ஓரிடம், கழற்றிவிட்டுப் பார்த்தால் வேறிடம். எங்கள் முதல் மூன்று மாதங்கள் இந்தச் சண்டையிலேயே போயின. கடைசியில் செவிதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தச் செவிக்கும் எங்களைப் போல் அறுபது வயது.

இன்னொன்று, உருளைக்குப் பின்னால் நீளும் தந்திப் பகுதியும் தானாக அதிர்ந்து ஒரு கீச்சொலி எழுப்பும். நடுவிரலும் மோதிரவிரலும் சுண்டுவிரலும் உருளையின் பின்னால் தந்திகளை மெல்லத் தொட்டபடி கூடவே நகர்ந்து அதை அடக்க வேண்டும். மடங்காத விரலுக்கு இதுதான் வேலை என்று மாஷ்டார்மொஷாய் கொடுத்தார். மூத்தவருடைய அந்த விரல், எதற்கும் உதவாது என்று மருத்துவர் கைவிட்ட விரல், இப்போது தினமும் ஒரு மணி நேரம் உழைக்கிறது.

*

மின்சாரக் கிதார் பிறந்ததே இந்த வாத்தியத்துக்காகத்தான் என்பது பலர் அறியாத செய்தி. பெரிய கொட்டகைகளில் மற்ற வாத்தியங்களுக்கு நடுவே இதன் ஒலி எடுபடவில்லை. ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறிய ஜான் டோப்யேரா, 1920களின் பிற்பகுதியில் உலோகக் கூம்புகளை உள்ளே பொருத்தி ஒலியைப் பெருக்கினார். அடுத்து ஜார்ஜ் போஷாம்ப் காந்தச் சுருளை வைத்து முயன்றார். 1932இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பாக்கர் கிதார், மடியில் வைத்து வாசிக்கும் அலுமினிய ஸ்டீல் கிதார். தோற்றத்தைப் பார்த்து "வாணலி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பின்னாளில் ராக் இசைஞர்கள் தோளில் மாட்டிக்கொண்டவை எல்லாம் அந்த வாணலிக்குப் பிறகு வந்தவைதாம்.

அங்கிருந்து அது பல கிளைகளாகப் பிரிந்தது. கறுப்பின மக்களின் பெந்தெகொஸ்தே சபைகள் சிலவற்றில் 1930களிலிருந்து ஆர்கனுக்குப் பதில் ஸ்டீல் கிதாரே ஆராதனையை நடத்துகிறது. நாட்டுப்புறப் பாட்டுக்காரர்கள் அதில் மிதிகட்டைகளைப் பொருத்தினார்கள். 1954இல் வெப் பியர்ஸ் பாடிய ஓர் இசைத்தட்டில் பட் ஐசக்ஸ் மிதித்து வாசித்ததைக் கேட்டு, அந்தத் துறையே மிதிகட்டைக்கு மாறியது. இவற்றை விரித்தால் தனிக் கட்டுரையாகும்.

எங்களுக்கு நெருக்கமான கிளை கொல்கத்தாவில் இருக்கிறது. 1908இல் சமோவாவில் பிறந்து லாயியேயில் வளர்ந்தவர் டாவ் மோ. ஆம், கெகூகூவின் அதே ஊர். 1920களின் இறுதியில் ஒரு குழுவோடு ஆசியச் சுற்றுப்பயணம் கிளம்பிய அவரும் மனைவி ரோஸும் ஐம்பதாண்டுகளுக்கும் மேலாக உலகைச் சுற்றினார்கள். 1929இல் டோக்கியோவில் பாடல்களைப் பதிவு செய்தார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவர்கள் தங்கியது கொல்கத்தாவில். சௌரங்கியின் பெரிய ஓட்டலில் வாசித்தார்கள். வந்தவர்களுக்குக் கற்றும் கொடுத்தார்கள். அவரிடம் கற்றவர்களுள் ஒருவரான கார்னி நிஸ் "அலோஹா பாய்ஸ்" என்ற குழுவை அமைத்தார். ஹவாய் ஒலி வங்காளத்தின் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது. காஜி நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தா இக்கிதாரில் தேர்ந்தவர். ரவீந்திர சங்கீதம் இதற்கென்றே பிறந்தது போல் பொருந்திக்கொண்டது. இந்தித் திரைப்பாடல்களை வாசித்து இசைத்தட்டுகளாக வெளியிட்ட சுனில் கங்குலியை (எழுத்தாளர் சுனில் கங்கோபாத்யாய் அல்லர், பெயர் ஒற்றுமை மட்டுமே) எங்கள் தலைமுறையில் கேட்காதவர் குறைவு.

பிரிஜ் பூஷண் காப்ராவின் கதை எங்களுக்குத் தனிப்பட்ட முறையில் ஆறுதல் தந்தது. 1937இல் ஜோத்பூரில் பிறந்தவர். தந்தையார் சிதார் இசைஞர்; அண்ணன் சரோத். வீடு முழுக்க சங்கீதம் இருந்தும் இவர் நிலவியல் படித்து, விளையாட்டில் நாட்டம் கொண்டு திரிந்தார். வாலிபப் பருவத்தில், கொல்கத்தாவில் ஹவாயன் கிதாரின் ஒலி அவரைப் பிடித்தது. கிதாரோடு வீடு திரும்பிய மகனிடம், இதில் சாஸ்திரிய சங்கீதம் மட்டுமே வாசிப்பதாக இருந்தால் சரி என்று தந்தை நிபந்தனை போட்டாராம். அலி அக்பர் கானிடம் கற்றார். 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌரசியா ஆகியோருடன் அவர் வாசித்த "கால் ஆஃப் த வேலி" இசைத்தட்டு உலகெங்கும் சென்றது. அவர் வழி வந்த கொல்கத்தாவின் தேபாசிஷ் பட்டாசார்யா இன்று புதிய கிதார் வகைகளையே வடிவமைத்திருக்கிறார். ஜெய்ப்பூரின் விஸ்வ மோகன் பட் கிதாரில் பரிவுத் தந்திகளைச் சேர்த்து மோகன வீணை என்று பெயரிட்டார். 1994இல் ரை கூடருடன் கிராமி விருது பெற்றார். சந்நியாசியைப் போல் ஐந்து வயதில் உட்கார்ந்தால்தான் சங்கீதம் என்று நம்பி வளர்ந்த எங்களுக்கு, இருபது வயதில் காப்ரா தொடங்கியதே பெரிய செய்தி. இருபது எங்கே, அறுபது எங்கே என்று கேட்கலாம். கேட்கத்தான் கேட்கிறார்கள்.

*

இவ்வளவு தூரம் பயணம் செய்த வாத்தியம் பிறந்த இடத்தில் தேய்ந்துபோனது. 1935 முதல் 1975 வரை வைக்கீக்கீ கடற்கரை ஓட்டலிலிருந்து "ஹவாய் அழைக்கிறது" என்ற வானொலி நிகழ்ச்சி அலையோசையையும் சேர்த்து உலகுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வெளியாருக்கு அதுவே ஹவாய். 1970களில் தம் மொழியையும் மரபையும் மீட்கக் கிளம்பிய ஹவாய் இளைஞர்களுக்கோ, ஸ்டீல் கிதார் சுற்றுலாப் பயணிக்கு மாலை போடும் ஒலியாகப் பட்டது. தளர்ந்த சுருதிக் கிதாரின் பக்கம் அவர்கள் திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் மூத்த வாசிப்பாளர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தார்கள். கற்க வருவோர் இல்லை.

அந்த வேளையில் அங்கு வந்து சேர்ந்தவர் ஜெர்ரி பர்ட். 1920இல் ஓஹியோவின் லைமா என்னும் ஊரில் பிறந்த வெள்ளையர். சிறுவயதில் ஊருக்கு வந்த கொட்டகைக் காட்சியில் ஹவாய்க் குழு ஒன்று வாசிக்கக் கேட்டு, அந்த ஒலியின் பின்னாலேயே வாழ்நாள் முழுதும் போனவர். ஹாங்க் வில்லியம்சின் இசைத்தட்டுகளில் வாசித்தார். எல்லோரும் மிதிகட்டைக்கு மாறியபோது அவர் மாற மறுத்தார். அதனால் வேலையும் குறைந்தது. 1972இல், 52 வயதில், மூட்டை கட்டிக்கொண்டு ஹவாய்க்குக் குடிபெயர்ந்து, ஹவாய்ப் பிள்ளைகளுக்கு ஸ்டீல் கிதார் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தார். அவரிடம் கற்ற அலன் அக்காக்கா போன்றோர் இன்று அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கிறார்கள். ஒரு இனத்தின் வாத்தியத்தை வேற்றினத்தார் ஒருவர் அவர்களுக்கே திருப்பிக் கற்பிப்பது சரியா என்று எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. ஒருவருக்கு அதில் ஏதோ நெருடியது. விளம்பரக்காரர்கள் எடுத்துச் சென்ற ஒன்றை மீண்டும் அதே நாட்டார் வந்து கொடுக்க வேண்டியதாயிற்றே என்றார். மற்றவர், வாங்கிய கடனைத் திருப்பித் தந்தவர் என்றே பர்டைப் பார்க்கிறார். விவாதம் முடியவில்லை. பர்ட் 2005இல் ஹோனலூலுவிலேயே மறைந்தார்.

டாவ் மோவும் இறுதியில் லாயியே திரும்பினார். 1980களில் அமெரிக்க இசைஞர் பாப் பிராஸ்மனுக்கு இசைத்தட்டு கேட்டு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்தவருக்குத் தம் கண்களையே நம்ப முடியவில்லை. தாம் தேடித் தேடிச் சேர்த்திருந்த 1929ஆம் ஆண்டுத் தட்டுகளில் வாசித்தவர் அவரேதான். அறுபதாண்டுகளுக்கு முன் வாசித்த அதே பாடல்களை டாவும் ரோஸும் பிராஸ்மனுடன் சேர்ந்து மீண்டும் பதிவு செய்தார்கள். 1989இல் அது வெளிவந்தது. ரோஸின் குரல் அதில் சிற்சில இடங்களில் நடுங்குகிறது. எங்களுக்கு மிகப் பிடித்த பதிவு அதுவே.

*

இவற்றையெல்லாம் படித்தபின் ஒரு ஞாயிறன்று மாஷ்டார்மொஷாயிடம் சொன்னோம். "அலோஹா ஓயே" கப்பலேறும் மாலுமிகளின் விடைபெறும் பாட்டு என்றுதான் அவருக்கு அவருடைய ஆசிரியர் சொல்லியிருந்தாராம். ஐம்பதாண்டுகளாக, ஓர் அரசி இயற்றியது என்று தெரியாமலே முதல் பாடமாக அதைக் கொடுத்து வந்திருக்கிறார். அரசியின் ஆட்சி பறிபோனது, சிறை, அந்த அறை என்று நாங்கள் சொல்லச் சொல்ல, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, வாசியுங்கள்" என்றார். வாசித்தோம். "நடுக்கம் வேண்டாம்" என்றார். உருளையைக் குலுக்கிக் குலுக்கி அசைவு கொடுத்தால் சுரம் சற்று விலகியிருப்பது வெளியே தெரியாது. தொடக்கக்காரர்கள் எல்லோரும் அதற்குள் ஒளிந்துகொள்வார்கள், நாங்களும் அப்படித்தான். அவர் விடவில்லை. உருளை அசையாமல் நிற்க, ஒவ்வொரு சுரமாக, எட்டு முறை வாசிக்க வைத்தார்.

அடுத்த வாரம் போனபோது அந்த மஞ்சள் தாளில் தலைப்புக்குக் கீழே பென்சிலால் வங்காள எழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது. ராணி லிலியுவோகலானி, 1878. பெயரில் ஓர் எழுத்து தவறியிருந்தது. நாங்கள் சொல்லவில்லை. ஏழாம் மெட்டில் எங்கள் பஞ்சமம் இன்னும் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கிறது.